தோட்டத்துச் சாய்ப்புக்குக் கரண்டு: அண்ணாச்சி பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயம்தான். தொழுவம், மோட்டார் ரூம், தேங்காய் போட்டு வைக்கிற சாய்ப்பு, விளைக்குள் காவல் குடிசை என்று இடம்தான் மாறுகிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு வள்ளியூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், அதன் கடைசியில் 200 அடி தள்ளி ஓட்டுச் சாய்ப்பு ஒன்று இறக்கியிருக்கிறேன். ஒரு பக்கம் மாடு ரெண்டு நிற்கும், மறு பக்கம் உரமூட்டை, மண்வெட்டி, தேங்காய். அங்கே ரெண்டு லைட், ஒரு ஃபேன், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற 1 எச்பி மோட்டார் வேண்டும். தனி சர்வீஸ் எழுதிக் கொடுக்கணுமா, வீட்டிலிருந்தே இழுக்கலாமா? எங்கள் ஊர் ஒயர்மேன் 1 ஸ்கொயர் ஒயர் ரெண்டு இழுத்தால் தாராளம் என்கிறார்.
– வாசகர், வள்ளியூர் பக்கம்

பதில்: ஒரே காம்பவுண்டு, ஒரே ஆளின் இடம், வீட்டு உபயோகம் என்றால் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், தனி சர்வீஸ் தேவையில்லை. ஆனால் நடுவில் தெரு போகிறது, அல்லது அது அண்ணன் தம்பி பங்கில் வருகிற வேறு இடம் என்றால் இழுக்கவே கூடாது. இணைப்பு எந்த இடத்துக்கு வாங்கினோமோ அதைத் தாண்டி வேறு இடத்துக்குக் கொண்டுபோவதும் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில், அனுமதியில்லாத மின் உபயோகம் என்று வருகிறது. கண்டுபிடித்தால் அந்த இடத்துக்குரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள், எப்போதிருந்து என்று நிரூபிக்க முடியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. அப்புறம், மோட்டார் சேர்க்கிறீர்கள் என்பதால் உங்கள் இணைப்பில் எத்தனை கிலோவாட் லோடு எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாவிட்டால் ஈபி ஆபீஸில் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

இனி ஒயருக்கு வருவோம். ஸ்கொயர் என்பது உள்ளே இருக்கிற கம்பியின் பருமன், சதுர மில்லிமீட்டர் கணக்கில். 1 ஸ்கொயர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் போதும் என்பது உண்மை, அவர் அதை வைத்துத்தான் சொல்லியிருப்பார். மோட்டார் விஷயம் வேறு. 1 எச்பி மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் அளவில் இழுக்கும், கிளம்புகிற அந்த ஒரு நொடியில் அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 35 ஆம்பியர் வாக்கில் கேட்கும். 200 அடி என்பது 61 மீட்டர், கரண்டு போய்த் திரும்பவும் வரவேண்டும் என்பதால் ஒயரின் நீளம் 122 மீட்டர். 1 ஸ்கொயர் தாமிர ஒயருக்கு இந்த நீளத்தில் 2.2 ஓம் தடை இருக்கும். கணக்குப் போட்டால் மோட்டார் கிளம்பும்போது 77 வோல்ட் ஒயரிலேயே போய்விடுகிறது. 230-ல் மிச்சம் 150 சொச்சம். சாயங்காலம் ஊரே வோல்டேஜ் இல்லாமல் கிடக்கிற நேரத்தில் அதுவும் இருக்காது. மோட்டார் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு நிற்கும், சுற்றாது, கொஞ்ச நேரத்தில் வைண்டிங் கருகிவிடும். கடைக்காரன் கம்பெனி சரியில்லை என்பான், வைண்டிங் கட்டுகிறவன் மோட்டார் சரியில்லை என்பான், ஒயரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அதே இடத்தில் 2.5 ஸ்கொயர் போட்டால் கிளம்பும்போது 32 வோல்ட் குறையும், 4 ஸ்கொயர் போட்டால் 20 வோல்ட். நான் 4 ஸ்கொயர்தான் சொல்வேன். தாமிரம் விலை கட்டுப்படியாகாவிட்டால் அலுமினியத்தில் 6 ஸ்கொயர் எடுங்கள், ரெண்டுக்கும் தடை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அலுமினியத்தை முறுக்கிக் கட்டிவிடாமல், முனையில் லக்கு என்கிற உலோகக் குழல் போட்டு நெருக்க வேண்டும். நாளைக்குப் புல் நறுக்குகிற மெஷினும் வரும், எல்லார் வீட்டிலும் வருகிறது. அது வந்தால் மோட்டாரையும் அதையும் ஒரே நேரத்தில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்துவது ஸ்கொயர் இல்லை, "ரெண்டு" என்கிற சொல். மூன்றாவது கம்பி எங்கே? மாடு கட்டுகிற இடம், தரை எப்போதும் ஈரம், வெறுங்காலோடு போவீர்கள், மோட்டாரும் அங்கேயே. வீட்டுக்குள்ளே மொசைக் தரையில் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆளைவிட அங்கே நிற்கிற ஆளுக்கு ஆபத்து பல மடங்கு. மாட்டுக்கு அதைவிட மோசம். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், குளம்பு ஈரத்தில் நிற்கும், கரண்டு நெஞ்சு வழியாகவே போகும். நமக்குச் சுள்ளென்று உறைக்கிற அளவிலேயே மாடு விழுந்துவிடும். எனவே பச்சைக் கம்பி வீட்டிலிருந்தே கூட வரவேண்டும், சாய்ப்புக்குப் பக்கத்திலும் ஒரு எர்த் பைப் அடித்து இதோடு சேர்த்துக் கட்டவேண்டும், மோட்டார் உடம்பும் ஃபேன் உடம்பும் இரும்புத் தூண் இருந்தால் அதுவும் அந்தக் கம்பியில் சேர வேண்டும்.

வீட்டு முனையில், கேபிள் ஆரம்பிக்கிற இடத்திலேயே, சாய்ப்புக்கென்று தனியாக ஒரு 20 ஆம்பியர் எம்சிபியும் (கரண்டு அளவு மிஞ்சினால் தானே துண்டிக்கிற சுவிட்ச்) ஒரு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் (கரண்டு கசிந்தால் தானே துண்டிக்கிற சுவிட்ச்) வையுங்கள். சாய்ப்பில் வைத்தால் நடுவில் இருக்கிற 200 அடிக்கும் காவல் கிடையாது. தனியாக வைக்கச் சொல்வது, அங்கே ஒரு கோளாறு என்றால் வீடு இருட்டாகாமல் இருக்கத்தான், இல்லாவிட்டால் ரெண்டு நாளில் எரிச்சலாகி யாராவது கழற்றிப் போட்டுவிடுவார்கள். எம்சிபி இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பார்கள். எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லியாம்பியர் எங்கேயாவது நழுவினால் விழுந்துவிடும், அதாவது கரண்டைத் துண்டித்துவிடும்.

கேபிளை எப்படிக் கொண்டுபோவது? தலைக்கு மேலேயா, தரைக்குக் கீழேயா? வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆனி ஆடிக் காற்று எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதை நம்பித்தானே காற்றாலையை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் தொங்குகிற ஒயர் ஆடி ஆடி ஒரு தென்னை மட்டையிலோ பனங்கருக்கிலோ உரசினால் ஒரே சீசனில் மேல்தோல் போய்விடும். பனங்கருக்கு ரம்பம் மாதிரி அறுக்கும். என் கட்சி தரைக்குக் கீழே. இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள், இரண்டரை அடி ஆழம், கீழே ஒரு சாண் மணல், மேலே ஒரு சாண் மணல், அதற்கு மேல் வரிசையாகச் செங்கல், அப்புறம் மண். பின்னால் யாராவது வாழைக்குக் குழி தோண்டும்போது செங்கல் தட்டுப்பட்டால் நிறுத்துவார்கள். சாதாரண ஒயரை பிவிசி பைப்புக்குள் விட்டு அரை அடியில் புதைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, பெருச்சாளிக்கும் கடப்பாரைக்கும் அது போதுமானதாக இல்லை. கேபிளை நடுவில் ஜாயின்ட் போடாதீர்கள், ஒரே நீளமாக வாங்குங்கள். மேலே சுற்றியிருக்கிற இரும்புக் கம்பியையும் எர்த்தில் சேர்க்கச் சொல்லுங்கள், பல பேர் அதை அப்படியே வெட்டி விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: திசையன்விளைப் பக்கம் தேரி மண். எங்கள் மோட்டார் ரூமுக்கு எர்த் பைப் இறக்கி உப்பும் கரியும் கொட்டினோம். டெஸ்ட் லாம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தால் பல்பு மங்கலாகத்தான் எரிகிறது. ஒயர்மேன் இன்னும் ஒரு மூட்டை உப்பு கேட்கிறார்.
– வாசகர், திசையன்விளை

பதில்: உப்பு வியாபாரி பிழைத்துப் போகட்டும், ஆனால் உங்கள் பிரச்சினை அதில் தீராது. செம்மணல் காய்ந்து கிடந்தால் கரண்டைக் கடத்தாது. மேலே ரெண்டு மூன்று அடி எப்போதுமே வறட்சி, ஈரம் கீழேதான். அதனால் பைப்பை ஆழமாக இறக்குங்கள். ஒன்றில் நிற்காமல் இன்னொரு பைப்பும் அடித்து ரெண்டையும் கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பைப்பின் நீளமாவது இடைவெளி வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் ஒன்று போட்ட பலன்தான். குளிக்கிற தண்ணீர் போகிற வாழைப்பாத்தி இருந்தால் அதன் ஓரம்தான் எர்த்துக்கு நல்ல இடம். பங்குனி சித்திரையில் மறக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள். கரிசல்காட்டுக்காரர்களும் இதைக் கவனிக்கலாம், கோடையில் கரிசல் வெடித்து பைப்பை விட்டு விலகி நிற்கும்.

டெஸ்ட் லாம்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கம் அதுதான் வேதவாக்கு. 100 வாட் பல்பு எடுப்பது அரை ஆம்பியருக்கும் கம்மி. எர்த் 50 ஓம் தடையோடு மோசமாக இருந்தாலும் பல்பில் 20 வோல்ட் சொச்சம்தான் குறையும், நன்றாக எரிகிற மாதிரியே தெரியும், "எர்த் சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் மோட்டார் உடம்பில் ஃபேஸ் தட்டும்போது அந்த 50 ஓம் வழியாகப் போகிற கரண்டு 4.6 ஆம்பியர். உங்கள் 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு அசையவே அசையாது, அதைப் பொறுத்தவரை அங்கே ஏதோ ஒரு சின்ன அடுப்பு எரிகிறது. மோட்டார் உடம்பு முழுக்கக் கரண்டோடு நாள் முழுக்க நிற்கும், தொடுகிறவன் தலையில் விடியும். பிரகாசமாக எரிகிற பல்பே இப்படி என்றால், உங்களுடையது மங்கலாக எரிகிறது, தடை பல நூறு ஓமாக இருக்கும்.

இதனால்தான் தேரி மண்ணிலும் சுக்கான் பாறையிலும் எர்த் பைப்பை மட்டும் நம்பி இருக்க முடியாது என்கிறேன். 500 ஓம் எர்த்தில் நழுவுகிற கரண்டு 460 மில்லியாம்பியர். எம்சிபிக்கு அது தூசி, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபிக்கு அதுவே பதினைந்து மடங்கு, கண் இமைக்கிற நேரத்துக்குள் விழுந்துவிடும். எர்த்தையும் முடிந்தவரை சரிசெய்யுங்கள், ஆர்சிசிபியையும் போடுங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஆர்சிசிபி, மற்றது அறுவடைக்குப் பிறகு.

கேள்வி: தொழுவத்துக்கு ஆர்சிசிபி போட்டு ஒரு வருஷம் ஆகிறது. மழை பெய்தால் விழுந்துவிடுகிறது. வெயிலடித்தால் சரியாகிவிடும். பீஸ் ராசி சரியில்லை, நேராகக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: நேராகக் கொடுக்க விடாதீர்கள் அம்மா. மழைக்கு விழுகிறது என்றால் அது சரியாக வேலை செய்கிறது, எங்கேயோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குகிறது என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வெளியே மாட்டியிருக்கிற பல்பு ஹோல்டர், கூரை ஓரத்துச் சுவிட்ச் பெட்டி, டேப் சுற்றிய ஜாயின்ட், இந்த மூன்றை முதலில் பாருங்கள். முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும்.

கிடைக்காவிட்டால், உள்ளே இருக்கிற எம்சிபி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றைப் போட்டதும் விழுந்தால் அந்த வழியில்தான் கோளாறு. எல்லாம் இறக்கி வைத்தும் விழுகிறது என்றால் ஒயர்மேன் தலையைச் சொறிவார். நம் எம்சிபி பெரும்பாலும் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும், அந்தக் கறுப்புக் கம்பி எங்கேயாவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் விழும். அப்போது நியூட்ரல் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, மெகர் (ஒயர்த் தோலில் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டுகிற ஒயரை மாற்றிவிடுங்கள். இன்னொரு காரணம், தொழுவத்துக்கு ஃபேஸ் ஆர்சிசிபி வழியாக வந்து நியூட்ரலை மட்டும் பக்கத்து அறை லைட்டிலிருந்து எடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் வெயிலிலும் விழும், உங்களுக்கு அது இல்லை என்று நினைக்கிறேன்.

மாதம் ஒருமுறை அதில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள். பெட்டியை உயரத்தில் வைக்கவும் சொல்லுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது தாமிரபரணிக் கரை வீடுகளில் முழங்கால் உயரத்து பிளக் பாயின்ட் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. தொழுவத்தில் 5 அடிக்குக் கீழே எதையும் வைக்க வேண்டாம், மாடு முகர்ந்து பார்க்காமலும் இருக்கும்.

கேள்வி: களக்காட்டு மலையடிவாரத்தில் வாழை. காட்டுப்பன்றி தாங்க முடியவில்லை. மோட்டார் ரூமிலிருந்து ராத்திரி மட்டும் ஒரு கம்பி சுற்றி விட்டால் என்ன? பக்கத்தில் செய்கிறார்கள்.
– பெயர் வேண்டாம் என்கிற வாசகர்

பதில்: பெயர் வேண்டாம் என்று எழுதும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கூடாது. பன்றிக்கு வைத்த கம்பியில் ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வந்த சொந்த மகன் மாட்டுவான், அப்படி எத்தனையோ செய்தி படித்தாயிற்று. யானை, கரடி விழுந்தால் வனத்துறை வழக்கு வேறு, ஆள் செத்தால் ஜெயில்.

சோலார் வேலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், அதிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் தானே என்று கேட்பார்கள். அதில் கரண்டு ஒரு நொடிக்கு ஒருமுறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம், சுண்டிவிட்டு நின்றுவிடும். தொட்ட உயிர் பதறி விலக நடுவில் நேரம் கிடைக்கிறது. வீட்டுக் கரண்டு விடாமல் போகும், தசை இறுகிக் கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே நிற்கும். மின்வேலிக்கென்று 2023-ல் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. அதன்படி தரமான எனர்ஜைசர், அதாவது இப்படி விட்டு விட்டுக் கரண்டு சுண்டுகிற பெட்டி வைத்து, காப்புக்காட்டுக்குப் பக்கத்து நிலம் என்பதால் வனத்துறையிடம் அனுமதி வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் கிணற்றுக்கு விவசாய இலவச இணைப்பு இருக்கிறது. பம்பு செட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை கட்டிக் குடியிருக்கலாம் என்று நினைக்கிறோம். அதிலிருந்தே டிவி, ஃபிரிட்ஜ் ஓட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: பம்பு ரூமில் ஒரு சின்ன லைட் எரிவதை யாரும் கேட்கப்போவதில்லை, அதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. குடியிருக்க என்று ஆகிவிட்டால் வீட்டு இணைப்பு தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன 126-ஆம் பிரிவு இங்கேயும் பாயும். இத்தனைக்கும் வீட்டு இணைப்பில் ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016-லிருந்து இருக்கிறது. ஒரு டிவி, ரெண்டு லைட், ஃபேனுக்கு பில் பெரிதாக வராது. இதற்குப் போய் கிணற்று இணைப்பைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ராதாபுரம் பக்கம் பனைவிளைக்குள் ஒரு குடிசை. கம்பம் அரை மைல் தள்ளி. ராத்திரி லைட்டும் ஒரு ஃபேனும் போன் சார்ஜும் போதும். சோலார் தாங்குமா?
– வாசகர், ராதாபுரம்

பதில்: தாங்கும், உங்களுக்குக் கம்பமே வேண்டாம். ரெண்டு 9 வாட் எல்இடி 6 மணி நேரம் எரிந்தால் 108 வாட்-மணி. குறைவாகக் கரண்டு தின்னுகிற பிஎல்டிசி ஃபேன், 30 வாட், 8 மணி நேரம் ஓடினால் 240. போனுக்கு 15, 20 போடுங்கள். மொத்தம் 370 வாக்கில் வருகிறது. நம் பக்கத்து வெயிலில் 100 வாட் பேனல் ஒன்று நல்ல நாளில் 400 கொடுக்கும், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் மூடிக்கொண்டு நின்றால் பாதிகூட வராது. அதனால் 200 வாட்டாகப் போடுங்கள். பேட்டரி 12 வோல்ட்டில் 60 ஆம்பியர்-மணி (ஏஎச்) லித்தியம் பாஸ்பேட் வகை, 12 வோல்ட்டிலேயே ஓடுகிற லைட்டும் ஃபேனும். இன்வெர்ட்டர் வேண்டாம், அதுவே தனியாகக் கொஞ்சம் தின்னும். பேனல் தெற்கு பார்த்து, சுமார் 10 டிகிரி சாய்வு. ஓலைக் கூரை மேல் பேனலை வைக்காதீர்கள், உங்கள் ஊர்க் காற்று கூரையோடு தூக்கிக்கொண்டு போகும். கான்கிரீட் போட்டு இரும்புக் குழாய் நட்டு அதில் முடுக்குங்கள். ஒயரை ஓலையில் செருகாமல் பைப்புக்குள் கொண்டுபோங்கள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். 12 வோல்ட்தானே என்று ஃபியூஸை விட்டுவிடுவார்கள், ஷாக் அடிக்காதே தவிர ஓலையைப் பற்றவைக்க அந்த பேட்டரி தாராளம்.

கேள்வி: அண்ணாச்சி, வீட்டுச் சுவரிலிருந்து பின்னாடி பாத்ரூமுக்குக் கம்பி இழுத்துக் கட்டி அதோடு ஒயரையும் கொண்டுபோயிருக்கிறோம். அதே கம்பியில்தான் துணியும் காயப்போடுகிறோம். மழை நேரத்தில் ஈரத்துணி போட்டால் விரலில் சுர்ரென்கிறது. மாமியார் அது காற்றில் வருவது என்கிறார்கள்.
– வாசகி, நாங்குநேரி

பதில்: இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் மெயினை இறக்கிவிட்டு வாருங்கள். அது காற்று இல்லை, ஒயரின் தோல் உரிந்து கம்பியில் கரண்டு இறங்குகிறது. இப்போது சுர்ரென்பது, தரை இன்னும் கொஞ்சம் நனைந்தால் அதோடு நிற்காது, கொடியில் துணி போடும்போது செத்தவர்கள் செய்தி நம் மாவட்டத்தில் மழைக்காலம்தோறும் வருகிறது. ஒயரை அவிழ்த்து பைப்புக்குள் சுவரோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், பாத்ரூம் லைனுக்கும் ஆர்சிசிபி சேரட்டும். அந்தக் கம்பியையும் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, ஒயர் போகாத பக்கமாகப் பார்த்து நைலான் கயிற்றில் கொடி கட்டுங்கள். மாமியாரிடம் கயிறுதான் துணியில் துருக்கறை பிடிக்காது என்று சொல்லிக்கொள்ளுங்கள், அதுவும் உண்மைதான்.